தக்காளிப் பாத்தியில் நின்ற பள்ளிக்கூடம்

ஆனி மாதக் காற்று கணவாய் வழியாக இறங்கி, சோளச் சருகையும் கோழி இறகையும் ஊர்ப் பொல்லாப்பையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு நொச்சிக்காட்டு வலசுக்குள் வீசத் தொடங்கியிருந்த ஒரு காலையில், மேகலா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தக்காளி பறிக்கப் போனபோது, தக்காளிப் பாத்தி இருந்த இடத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம் நின்றுகொண்டிருந்தது.

ஓட்டுக்கூரை, இரண்டு வகுப்பறை, முன்னால் ஒரு தாழ்வாரம், காரை பெயர்ந்த நீலச் சுவர், சுவரில் ஒரு யானை, ஒரு ஆப்பிள், கொடிக்கம்பம், மணியாக அடிக்கிற தண்டவாளத் துண்டு என்று எதுவும் குறையாமல், ஒரு ஓடுகூட நழுவாமல், நேற்றுவரை ஊருக்கு நடுவே தார்ச்சாலையோரம் எப்படி இருந்ததோ அப்படியே வந்து கிழக்குப் பார்த்து நின்றது. மேகலாவின் கண் முதலில் போனது அதன் மேலே அல்ல, அதன் அடியில். விதைக்கென்று நூல் கட்டி விட்டிருந்த வரிக்கத்தரி போயிருந்தது. பீர்க்கம் பந்தலில் பாதி போயிருந்தது. கத்திரி வெயில் முழுக்கக் குடத்தில் சுமந்து ஊற்றி உயிர் பிழைக்கவைத்த மிளகாய் நாற்று போயிருந்தது. தாழ்வாரத்துக்கு வெளியே ஒரே ஒரு தக்காளிக் கிளை மட்டும் நாலு காயோடு நீட்டிக்கொண்டிருந்தது, அடிபட்டவன் கை மாதிரி.

"வர்றதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல?" என்றாள் அவள், பள்ளிக்கூடத்தைப் பார்த்து.

பல் துலக்கிக்கொண்டே வந்த அவள் புருஷன் ரகுபதி அதைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பின்பக்கம் கோழிக்கூட்டுக்கு இடம் விட்டுத்தான் நின்றிருக்கிறது என்று வந்து சொன்னான். எப்படி வந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "பழி நம்ம மேலதான் வரப்போவுது" என்று மட்டும் சொன்னான்.

பழி வந்து உட்கார ஊரில் ஏற்கெனவே அவர்கள் பெயரில் ஓர் இடம் இருந்தது. சென்னையில் கணினி வேலையை விட்ட ரகுபதியும், கோயமுத்தூரில் பிறந்து அவனைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போன மேகலாவும், கிளுவை வேலிக்குள் தரிசாகக் கிடந்த அந்த மேட்டுக்காட்டை வாங்கி மண்சுவர் எழுப்பிக் குடிவந்த நாளிலிருந்தே, கிறுக்குப் பிடித்தவர்கள் என்று ஒரு வீட்டிலும், எங்கேயோ மோசடி செய்துவிட்டு வந்து ஒளிந்திருக்கிறார்கள் என்று அடுத்த வீட்டிலும், நாளைக்கே காட்டை வெளியாள் எவனுக்காவது விற்றுவிட்டுப் போவார்கள் என்று அதற்கடுத்த வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். அதையெல்லாம்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்படி ஒருத்தி இருந்தால், அனுப்புகிறவர்கள் எல்லாம் தப்பு செய்கிறவர்கள் என்று அவள் வாய் திறக்காமலே சொல்கிற மாதிரி அவர்களுக்கு இருந்தது.

மூத்தவள் அல்லி சென்னையில் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது, இடது கையால் எழுதுகிறாள் என்று வெயிலில் நிறுத்தப்பட்டு, அன்று சாயங்காலத்தோடு பேச்சை விட்டவள். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் அவள் குரல் கேட்கவில்லை. இந்தக் காட்டுக்கு வந்து, ஊன்றிய அவரையை அவசரப்பட்டுத் தோண்டிப் பார்த்து, "அம்மா, இதுக்குக் கால் மொளச்சிருச்சு" என்று கத்தியதுதான் அவள் திரும்பப் பேசிய முதல் பேச்சு. இனி எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் என் பிள்ளைகள் மிதிக்காது என்று மேகலா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அல்லியும் தம்பி மாறனும் படித்ததெல்லாம் அந்த வேலிக்குள்தான். கோடை முடிகிற நாட்களில் மோர் மிளகாய்க்கு உப்பு நிறுத்துப் பின்னக் கணக்கு, பந்தல் நிழலை அளந்து கோணம், ஆட்டுக்குட்டி எடை போட்டு வகுத்தல், வத்தல் காய்கிற பாயின் ஓரத்தில் உட்கார்ந்து காக்காய் விரட்டிக்கொண்டே கதைப் புத்தகம். சாம்பல் தடவி விதை கட்டிவைத்த சுரைக்குடுக்கைகள் அடுப்படிப் பரணில் தொங்கின. எது எந்த விதை என்று இரண்டு பிள்ளைகளும் குலுக்கிப் பார்த்தே சொல்லும்.

பள்ளிக்கூடம் திறக்கிறதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்து தன் ஆட்களோடு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரில் எல்லோரையும் நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டு அனுப்புகிறவர் அவர், தேடி வந்ததே ஒரு மிரட்டல்தான்.

"ஏனுங் அம்மிணி, உங்க ரெண்டு பிள்ளைங்களையும் சேத்திட்டீங்கன்னா எண்ணிக்கை நேராப் போயிருமுங்க. இல்லீன்னா இந்த வருசம் பூட்டுப் போடறோம்னு மேல எழுதிட்டாங்க" என்றார்.

"உங்க பேரனுங்க எங்கீங்க படிக்கறாங்க?" என்று கேட்டாள் மேகலா.

நாச்சிமுத்துவின் பேரன்கள் டவுனுக்குப் போகிற மஞ்சள் வேனில் போய்ப் படித்தார்கள். அவரோடு வந்து நின்ற ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளையும் அதே வேனில்தான் போனது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சியது வேனுக்குக் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும்: டிராக்டர் ஓட்டுகிறவர் பிள்ளை, செங்கல் சூளைப் பிள்ளைகள், ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைகள்.

"அது வேறீங்க" என்றார் நாச்சிமுத்து.

"எப்படீங்க வேற?"

"வேறன்னா வேறதானுங்க." கையில் வாங்கிய மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பள்ளிக்கூடம் மூடுச்சுன்னா உங்களாலதான் மூடுச்சுன்னு ஊரு சொல்லும். நான் சொல்லலீங்க. ஊரு சொல்லும்."

அதிலிருந்து அவர்களுக்குப் பால் ஊற்றுவது நின்றது. வாசலுக்கு வந்து கீரை வாங்கிப்போன பெண்கள் எதிரில் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். வேலி ஓரமாக யாருடையது என்று யாருக்குமே தெரியாத ஆடுகள் உள்ளே வந்து கொத்தவரையை மொட்டையடித்துவிட்டுப் போயின. அந்த நிலையில்தான் பள்ளிக்கூடம் வந்து அவர்கள் தக்காளிமேல் நின்றது.

அன்று வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்க வேலிக்கு வெளியே கூடிவிட்டது. சாலையோரத்தில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வெறும் செம்மண் சதுரமும், நடக்கத் தெரியாமலோ மனமில்லாமலோ அங்கேயே தங்கிவிட்ட சத்துணவுச் சமையற்கட்டும்தான் இருந்தன. பிள்ளைகள் இல்லாமல் ஏங்கிப்போய்ப் பிள்ளைகள் இருக்கிற இடத்தைத் தேடி வந்துவிட்டது என்று ஒரு கிழவர் சொன்னார். மண்ணுல கட்டுன கட்டடந்தானே, அவங்க மண்ணுல என்னமோ கலந்து இழுத்துட்டாங்க என்று ஒருத்தி சொன்னாள். இரண்டு பேர் தாழ்வாரத்துப் படியில் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கும்பிட்ட கையோடு திரும்பி, "திருட்டு நாயிங்களா, ஊர்ச் சொத்தக் கொண்டாந்து வெச்சிருக்கீங்களே, உங்க குடி வெளங்குமா?" என்று மேகலாவைப் பார்த்துக் கத்தினார்கள். பள்ளிக்கூடம் நடந்து வந்தது ஒருவருக்கும் பெரிதாகப் படவில்லை. அவர்களிடம் வந்ததுதான் தாங்கவில்லை.

டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்த எஸ்தர் டீச்சர், செம்மண் சதுரத்தருகே வண்டியை நிறுத்தி, ஊர் கை காட்டிய பக்கம் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியரும் அவர்தான், ஒரே ஆசிரியரும் அவர்தான். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுப் பார்த்தார். திறந்தது.

"டீச்சர், இங்கயா நடத்தப் போறீங்க?" என்று கேட்டாள் மேகலா.

"எனக்கு ஆர்டர் பள்ளிக்கூடத்துக்குத்தாம்மா. அது நிக்கற எடத்துக்கு இல்ல" என்றார் டீச்சர். குனிந்து அந்தத் தக்காளிக் கிளையை மிதித்துவிடாமல் தாண்டிப் போய்த் தண்டவாளத் துண்டை அடித்தார். வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்தின் கால்களுக்கு நடுவிலிருந்து பிள்ளைகள் நுழைந்து வந்து வரிசையில் நின்றார்கள்.

அப்படித்தான் ஊர் அந்த அதிசயத்தைத் தின்று செரிக்க ஆரம்பித்தது. மறுநாளே கிளுவை வேலியை ஆள் புகுகிற அகலத்துக்கு வெட்டினார்கள், அடுத்த வாரம் வண்டி புகுகிற அகலத்துக்கு. சத்துணவுக்காரம்மா சோற்றுக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு வெண்டைப் பாத்தி வழியாக நடந்து வந்தாள், பாத்தியில் பாதை விழுந்தது. வரும்போது சும்மா வராமல் இரண்டு பிஞ்சை ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு போனாள். சாயங்காலமானால் ஆண்கள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து, எப்போதும் உட்காருகிற இடந்தானே என்று சீட்டாடினார்கள், வெற்றிலையை முள்ளங்கிமேல் துப்பினார்கள், மேகலா வெளியே வந்தால் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போகிறவரைக்கும் வெறித்துப் பார்த்தார்கள். பேருந்து நடத்துநர் மட்டும் பழைய இடத்திலேயே "பள்ளிக்கூடம் எறங்கு" என்று கத்தினார், இறங்கினவர்கள் செம்மண்ணைத் தாண்டி வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கைப்பேசியோடு படம் பிடிக்க வந்த வெளியூர்ப் பையன்களிடம், "இந்தப் பொம்பளதாங்க வரவெச்சது, நல்லா மூஞ்சிய எடுங்க" என்று காட்டிக்கொடுத்தார்கள்.

மேகலா ஒவ்வொரு நாளும் விடிந்ததும் மிதிபட்டதை நிமிர்த்திக் கட்டினாள், ஒவ்வொரு நாளும் மறுபடி மிதிபட்டது. பாடத்தைப் புளியமரத்தடிக்கு மாற்றினாள். பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காரவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். ஆனால் அல்லி அவரைப் பந்தல் பக்கம் களையெடுக்கப் போகும்போதெல்லாம் ஒரே இடத்தில் களையெடுத்தாள். அந்த இடம் வகுப்பறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. உள்ளே ஜன்னலோரம் உட்காருகிற மோனிகா என்கிற பெண்ணும் அவளும், ஒரு வார்த்தை பேசாமல், கம்பி வழியாக அவரைக்காயும் சாக்பீஸ் துண்டும் மாற்றிக்கொள்வதை மேகலா பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மனு மேல் மனு போய், ஒரு கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். கட்டடம் நடந்து வந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு பிரிவு இருக்கிற மாதிரி. நாடா பிடித்து அளந்தார். "கட்டடம் அரசாங்கத்துது. அரசாங்கக் கட்டடம் எங்க நிக்குதோ அது பள்ளி வளாகம்" என்றார். "வெளையாட எடம், போக வர வழி, சுத்துச்சுவர், இதுக்கெல்லாம் நீங்கதான் விட்டுக் குடுக்கணும்."

"நாங்க அதக் கூப்புடலீங்க" என்றான் ரகுபதி.

"கூப்புட்டீங்களா இல்லையான்னு நான் கேக்கலியே. அப்புறம் இந்த ரெண்டு பிள்ளைங்க, பள்ளி வளாகத்துக்குள்ளயே குடியிருக்கற பிள்ளைங்க. இதுங்களச் சேர்க்கலன்னு நான் எப்படி எழுதறது?"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். நாச்சிமுத்து கைதட்டவில்லை, சிரித்தார்.

ஆனாலும் அவருக்குப் பள்ளிக்கூடம் அங்கே நிற்பதில் பெருமை இல்லை. ஊர் தலைகுனிந்துவிட்டது, இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தே தீருவோம் என்று கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் வடத்தைக் கொண்டுவந்து சுவரைச் சுற்றிக் கட்டினார்கள். முன்னால் நாச்சிமுத்துவின் டிராக்டர், அதை ஓட்டுகிற வெள்ளியங்கிரி, பின்னால் ஊர் ஆம்பளைகள், அவர்களுக்குப் பின்னால் குலவை போட்டுக்கொண்டு பெண்கள். தேர் இழுக்கிற மாதிரியே குரல் கொடுத்து இழுத்தார்கள், சாமி பெயருக்குப் பதிலாக மேகலாவைத் திட்டுகிற வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி இழுத்தார்கள், டிராக்டர் பின்சக்கரம் முருங்கைக்கன்றை வேரோடு கிளப்பியது, வடம் முறுகியது, உள்ளங்கைத் தோல் உரிந்தது, பள்ளிக்கூடம் அசையவில்லை. வடத்தை அவிழ்த்தபோது தாழ்வாரத்தின் கீழ்ப்படி மண்ணுக்குள் போயிருந்தது, இன்னும் கெட்டியாகக் காலூன்றி நிற்கிறவனைப் போல. வெள்ளியங்கிரி டிராக்டரிலிருந்து இறங்கி, பிடுங்கிக் கிடந்த முருங்கைக்கன்றைக் கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வரப்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் மோனிகாவின் அப்பா.

அந்த வாரமே சாலையோரத்துச் செம்மண் சதுரத்தில் நாச்சிமுத்துவின் சிமெண்டும் கம்பியும் வந்து இறங்கின. லாரி எடை போடுகிற மேடை கட்டப்போகிறார் என்றார்கள். பள்ளிக்கூடம் திரும்பி வந்தால் எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. நகராத கட்டடத்தை இடித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொன்னபோது, அதுதான் நியாயம் என்று எல்லோருக்கும் சட்டென்று பட்டுவிட்டது.

"வித்துட்டுப் போயிடலாம், மேகலா" என்றான் ரகுபதி. உடைந்த மண்வெட்டிப் பிடியைச் செதுக்கிக்கொண்டிருந்தான். "இவங்க நம்மள வாழ விடமாட்டாங்க. போற எடத்துல மறுபடி வெதச்சுக்கலாம்."

"போற எடத்துக்கு வேற ஒண்ணு நடந்து வராதுன்னு என்ன நிச்சயம்?" என்றாள் அவள். ஒரு வெண்டைச் செடியை நிமிர்த்திக் குச்சி ஊன்றி இறுக்கிக் கட்டினாள். கட்டுகிற வேகத்தில் தண்டு பட்டென்று ஒடிந்தது.

இடிக்கிறவர்கள் பள்ளிக்கூட நாளன்றே வந்தார்கள், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே. ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிவிட்டார்கள். எஸ்தர் டீச்சர் ஓடிவந்து கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், பிறகு உள்ளே போய்ப் பிள்ளைகளைச் சுவரோரமாக நகர்த்தி உட்காரவைத்துக்கொண்டு ஆறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். மேலே ஒரு ஓடு உருவினால் கீழே ஒரு சதுர வெயில் விழுந்தது. சதுரம் சதுரமாக வெயில் இறங்கி, பிள்ளைகளின் தலையிலும் சிலேட்டிலும் மடியிலும் உட்கார்ந்தது, வாய்ப்பாடு நிற்கவில்லை.

மேகலா கையில் மண்வெட்டியோடு வந்து தாழ்வாரத்தில் நின்றாள். கீழே நின்ற நாச்சிமுத்துவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஏனுங் அம்மிணி, உங்க பிள்ளைங்களையே அனுப்பாத பள்ளிக்கூடம். அதுக்கு எதுக்குங்க நீங்க வந்து குறுக்க நிக்கறீங்க?"

"இது என் செடிய நசுக்கிட்டு வந்து நிக்குது" என்றாள் மேகலா. "இதுமேல கோவப்பட எனக்கு உரிமை இருக்குது. உங்களுக்கு என்ன இருக்குது? உங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு உள்ள இருக்குதா? இருந்தா காட்டுங்க, நான் ஒதுங்கிக்கறேன்."

யாரும் காட்டவில்லை. கூரைமேல் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கையை நிறுத்தினார்கள். அப்போதுதான் அல்லி பந்தலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அம்மாவைத் தாண்டி, படியேறி, வகுப்பறைக்குள் போய் மோனிகாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. வாய்ப்பாட்டில் ஒரு குரல் கூடியது.

"ம், நடக்கட்டும்" என்றார் நாச்சிமுத்து.

இரண்டு ஆட்கள் மண்வெட்டியைப் பிடுங்கி அவளைத் தாழ்வாரத்திலிருந்து இறக்கி, ரகுபதியோடு சேர்த்து வேலியோரம் நிறுத்திவைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஓடு போயிற்று, டீச்சர் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்த பிறகு உத்திரம் போயிற்று, கதவும் ஜன்னலும் போயிற்று, கரும்பலகையை ஒருவன் ஆட்டுப்பட்டிக்கு மறைப்பாகும் என்று தலையில் தூக்கிக்கொண்டு போனான். கொடிக்கம்பத்தை அறுத்து எடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது நாலு மொட்டைச் சுவரும் தரையும், சுவரில் பாதி யானையும். கூரை இல்லாதது பள்ளிக்கூடம் ஆகாது என்று மேலே இருந்து ஆணை வந்தது. எஸ்தர் டீச்சருக்கு மலைக்கு அந்தப் பக்கம் மாற்றல். போகிற அன்று அவர் மேகலாவிடம் வந்து, அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதார். "பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்துல சேத்திக்கச் சொல்லியிருக்காங்கம்மா. பஸ்ஸே இல்லாத ஊரு. எந்தப் பிள்ளை போகும்?"

 

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தன்னை நேருக்கு நேர் கேள்வி கேட்ட பொம்பளையை அப்படியே விட நாச்சிமுத்துவுக்கு மனம் வரவில்லை. டீச்சர் போன மறுநாள் விடிகாலையில் தண்ணீர் சேந்தப்போன மேகலாவுக்குக் கிணற்றுக்குப் பக்கத்தில் போகும்போதே மூக்கைத் துளைத்தது. எட்டிப் பார்த்தாள். கோடையில் அடிமட்டத்துக்குப் போய் இப்போதுதான் கொஞ்சம் ஊறியிருந்த தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் டீசல் மிதந்துகொண்டிருந்தது. வேலி வெட்டிலிருந்து கிணறுவரைக்கும் டிராக்டர் சக்கரத் தடம், ஒளித்துவைக்கவேண்டும் என்று யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை. அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, ஊரை ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிச் சபித்து அழுதாள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, வேலி வெட்டில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். தோளில் மஞ்சப்பை, கையில் தட்டு, சூளைப் பிள்ளைகள், ஆட்டுக்காரர் பிள்ளைகள், முன்னால் மோனிகா.

"என்ன?" என்று கத்தினாள் மேகலா. "இன்னும் என்ன இருக்குது எடுத்துட்டுப் போறதுக்கு?"

பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். அல்லி வீட்டிலிருந்து ஓடிவந்து அம்மாவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். "அம்மா, நான்தான் வரச் சொன்னேன்."

"எதுக்கு?"

"அவங்களுக்குப் போக எடமில்லம்மா."

மேகலா மகளைப் பார்த்தாள், பிறகு மோனிகாவைப் பார்த்தாள். "கெணத்துல டீசல் ஊத்துனது உங்கப்பன்தான?"

அந்தப் பெண் தலையைக் குனியவில்லை. "ஆமாங்கக்கா. தலைவர் ஊத்தச் சொன்னாருங்க. அப்பா ராத்திரி சோறு திங்கலீங்க."

"திங்காம இருந்தா தண்ணி நல்லதாயிருமா?"

"ஆகாதுங்க."

காற்று வீசியது. மொட்டைச் சுவருக்குள் சருகு சுற்றிச் சுற்றி ஓடியது. ஒரு பொடியன் கையிலிருந்த தட்டு காற்றில் பறந்து கத்தரிப் பாத்தியில் விழ, அவன் எடுக்கப் போக, "பாத்திய மிதிச்சீன்னா காலை ஒடச்சிருவேன்" என்று கத்தினாள் மேகலா. அவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். அப்படி நின்ற அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செருப்பை எல்லாம் அங்கயே கழட்டுங்க. வரப்பு மேல நடந்து வாங்க. அல்லி, சாக்கு எத்தனை இருக்குதோ எல்லாத்தையும் எடுத்துட்டு வா. மாறா, வைக்கோல்" என்றாள்.

அன்று முழுக்க வைக்கோல் பிரியையும் சாக்கையும் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலே மிதந்ததை ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். எடுத்ததைக் குழி தோண்டிக் கொட்டினார்கள். எண்ணெய் ஏன் தண்ணீர்மேல் மிதக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. அல்லி பதில் சொன்னாள். மத்தியானம் பானையில் இருந்த பழைய கம்பஞ்சோற்றை எல்லோருக்கும் போட்டாள் மேகலா, ஒரு முகத்தையும் பார்க்காமல் போட்டாள். அந்த அப்பன்களையும் அம்மாக்களையும் அவள் மன்னிக்கவில்லை. வடம் பிடித்த கைகள் எவை, குலவை போட்ட வாய்கள் எவை என்று அந்த முகங்களில் எல்லாம் தெரிந்தது. சோறு போடுகிற கைக்கு அது எதுவும் பொருட்டாக இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வேலி வெட்டுக்கு வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது. வெள்ளியங்கிரி. இரண்டு பக்கமும் தண்ணீர் நிரப்பிய பெரிய கேன். அவர் உள்ளே வரவில்லை. அந்த ஊரில் பகையாளி வந்தாலும் "வாங்க" என்று சொல்வார்கள். மேகலா சொல்லவில்லை. அவர் கேன்களை இறக்கி வைத்தார், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டினார், மறுபடி தலையில் கட்டினார்.

"ஊர்ப் பெரிய கெணத்துத் தண்ணிங்க" என்றார். "நல்ல தண்ணிங்க."

"யாரு சொன்னது குடுக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க." கேன் மூடியை ஒருமுறை இறுக்கினார். "சொன்னதத்தான் செஞ்சுட்டு இருக்கறேன் இத்தன நாளா."

அவர் மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார்.

ரகுபதி சொம்பை எடுத்துக்கொண்டு கேன் பக்கம் போனான். இரண்டு பிள்ளைகளும் தாகத்தோடு பின்னால் போனார்கள். "தொடாதீங்க" என்றாள் மேகலா. ஒரு கேனைத் தானே இழுத்துக்கொண்டு போய், மொட்டைச் சுவருக்குள், வகுப்பறைத் தரை பெயர்ந்து மண் தெரிந்த இடத்தில் முந்தின நாள் நட்டிருந்த புது மிளகாய் நாற்றுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அள்ளி ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தாள். அன்று ராத்திரி நாலு பேரும் இளநீர் வெட்டிக் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

விடிந்ததும் மற்ற வேலைக்குப் போகாமல் முதலில் அங்கே போனாள். நாற்று ஒன்றுகூடச் சுருண்டிருக்கவில்லை. இலை நுனியில் ஈரத்தோடு எல்லாம் விறைப்பாக நின்றன. அவள் குனிந்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டாவது கேனைத் திறந்து, சொம்பு நிறைய மொண்டு, நின்றபடியே, தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால், தான் குடித்தாள்.